மேல் மூன்று வரிசை

அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சட்டத்தைத்தான். அதற்குள் இருக்கும் படத்தை அல்ல.

முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் சமையல், நடுவில் ஒரு கூடம். கூடத்துச் சுவரில் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக, கையில் சுருட்டிய காகிதத்தோடு பெரியவள் நிற்கும் போட்டோ தொங்கியது. அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையதுதான். தெரு அவளை "டிகிரி" என்று கூப்பிட்டது. முதல் வருஷம் அதில் மரியாதை இருந்தது. வேலை கிடைக்காமல் நாலு வருஷம் ஓடியதும் கூப்பிடுகிறவர்களின் உதடு லேசாகக் கோண ஆரம்பித்தது.

ஜன்னலுக்கு அளவு சொல்ல வருகிறவர், கட்டில் கால் ஆடுகிறது என்று வருகிறவர், யாராக இருந்தாலும் கூடத்துக்குள் கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்ப்பார்கள்.

"இந்தச் சட்டம் யாரு பண்ணினது? மூலையில ஒட்டு எங்க இருக்குன்னே தெரியலையே!"

"சின்னவ" என்பார் அப்பா.

டீ குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் அடுத்த கேள்வி வரும். "ஆமா, படத்துல இருக்கிறது யாரு?"

சின்னவளுக்குச் சில்லு என்று பெயர். பிறந்தபோது உளியிலிருந்து தெறித்த மரச்சில்லு மாதிரி அவ்வளவுதான் இருந்தாளாம். வளர்ந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. அக்காவின் தோளுக்குத்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தை அவள் விட்டதற்கு யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட மாதம், ஒரு கதவை இழைக்க மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போனவள் திரும்பி வரவில்லை. புத்தகம் ரொம்ப நாள் கவிழ்ந்தே கிடந்தது. பிறகு பசை டப்பாவுக்கு அடியில் கொடுக்கப்பட்டது.

பதினொரு வருஷம். கதவு, நிலை, அலமாரி, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, பாத்திர ஸ்டாண்டு. இழைப்புளியின் கீழிருந்து சுருள் சுருளாக மரம் உதிர, கழுத்தெல்லாம் தூளாக அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் பெரியவள் மூன்று வருஷம் தினமும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். "பாவம் சில்லு" என்று தோழிகளிடம் சொல்வாள். சொல்லும்போது கண்கூடக் கலங்கும். அதில் பொய் இல்லை. ஆனால் பாவம் என்று சொல்ல ஒரு ஆள் வீட்டிலேயே இருப்பது எவ்வளவு வசதி என்பது, அந்த ஆள் பாவமாக இருப்பதை நிறுத்திய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு அலமாரிக் கதவில்தான் சில்லுவின் கைவேலை ஊருக்குத் தெரிய வந்தது. கதவு முடிகிற நேரத்தில் நடுப் பலகையிலிருந்து ஒரு கணு கழன்று விழுந்து, முட்டை அளவு ஓட்டை விழுந்துவிட்டது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து மேலே பாலிஷ் அடித்துவிட்டால் முடிந்தது கதை. எல்லாப் பட்டறையிலும் அதுதான் நடக்கும். சில்லு அதை அடைக்கவில்லை. ஓட்டையைச் சுற்றி இன்னும் பெரிதாக வெட்டினாள். கறுத்த மரத்தில் மெல்லிய வளையங்களாகச் சீவி, ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கினாள். குளத்தில் கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது கதவு.

அப்பா கத்தின கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவருக்கு மட்டக்கோல் என்று பட்டப்பெயர். சாப்பாட்டுத் தட்டு அரை விரல் சாய்ந்திருந்தாலும் தலையைச் சாய்த்துப் பார்த்து நேராக்கிவிட்டுத்தான் கை வைப்பார்.

"துணி மடிச்சு வைக்க அலமாரி கேட்டா, நீ குளம் வெட்டி வெச்சிருக்க! அந்த ஆளு மூஞ்சில அடிப்பான்."

"அடிச்சா என்னை அடிக்கச் சொல்லுங்க."

அந்த ஆள் வந்தார். கதவு முன்னால் நின்றார். விரலால் வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார். பிறகு அலமாரியைப் படுக்கையறையில் வைப்பதாக இருந்ததை மாற்றி, வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி முன்னறையில் வைத்தார்.

அதோடு நிற்கவில்லை. விளிம்பை நேராக அறுக்காமல் மரம் வளைந்தபடியே விட்ட ஒரு பெஞ்சு. மூன்று கிளை பிரிந்த கட்டையையே காலாக வைத்து ஒரு முக்காலி. கோணல், வெடிப்பு, பூச்சி அரித்த தடம் என்று மற்ற பட்டறைகள் அடுப்புக்கு அனுப்புவதையெல்லாம் வாங்கி வந்தாள். "முப்பது வருஷமா நான் கோணலை நேராக்கினேன். இவ கோணலையே காட்டி ஊரை மயக்குறா" என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார். குறைப்படும்போது சிரிப்பை மீசைக்குள் ஒளிக்கப் பார்ப்பார். அந்தச் சிரிப்பைப் பெரியவள் கவனித்தாள். அவள் முதல் வகுப்பில் தேறியபோது அவர் அழுதார். பெருமையில்தான் அழுதார். ஆனால் இப்படிச் சிரித்ததில்லை.

ஒரு நாள் நூலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள்.

நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். நுழைந்ததும் எதிரே பெரிய வெற்றுச் சுவர். அதற்கு மரத்தில் ஏதாவது செய்ய வேண்டும், அலமாரிக்காரர் வீட்டில் பார்த்தேன், யார் செய்தது என்று தேடிக்கொண்டு வந்தேன் என்றாள். மூன்று கிளை முக்காலியில் உட்கார்ந்து அதன் காலைக் குனிந்து பார்த்தாள். பெரியவள் டீ கொண்டுவந்து நீட்டினாள். அந்த நூலகத்தின் பழைய கட்டடத்தில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துதான் அவள் மூன்று வருஷம் படித்தாள். ஆறு மாதத்துக்கு முன் அங்கே உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போய், இதே அம்மாள் எதிரே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அனுப்பவில்லை.

அம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நீங்க?"

"அக்கா" என்றாள் சில்லு, அவள் வாய் திறக்கும் முன். "படிச்சவ."

"ஓ, நல்லது" என்றாள் அம்மாள். பார்வை அதற்குள் சுவருக்குப் போய்விட்டது. "அடடா, அந்தச் சட்டம்!"

பெரியவள் சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். படித்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தார்களே, அவர்களில் ஒருத்தராவது இப்போது உட்கார இடம் காட்டினார்களா? அவள் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் பெஞ்சுகூடச் சில்லு செய்தது. பிள்ளைகளுக்கும் கணக்கைவிட அந்தப் பெஞ்சின் விளிம்பைத் தடவுவதுதான் பிடித்திருந்தது.

மழை பிடித்துக்கொண்ட பருவம் அது. அறுவை மில்லின் பின்னால் வருஷக்கணக்காக நனைந்து கிடந்த ஒரு மாங்கட்டையைச் சில்லு வண்டியில் ஏற்றி வந்தாள். தொட்டாலே கை கறுத்தது. "இதுல பல் குச்சிகூட ஆகாது" என்றார் அப்பா. அறுத்துப் பார்த்தபோது அவரே கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். குடித்த மழையெல்லாம் மரத்துக்குள் கோடாகியிருந்தது. மை கொட்டி ஓடினாற்போல் கறுப்புக் கோடுகள், பிரிந்தும் சேர்ந்தும், ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு.

அதை ஒன்றரை அடிச் சதுரங்களாக வெட்டினாள் சில்லு. குறுக்கே ஏழு, மேலிருந்து கீழாக ஆறு வரிசை. மொத்தம் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு கனம்; ஒன்று சுவரோடு ஒட்டி நிற்கும், ஒன்று முன்னால் வரும். பூவும் இல்லை, மயிலும் இல்லை, மனித முகமும் இல்லை. ஆணியும் இல்லை. பின்பக்கம் ஒரு பள்ளம். சுவரில் அடித்த கட்டையில் அதை மாட்டி இறக்கினால் உட்கார்ந்துவிடும். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், ஆணி அடித்து இறுக்கினால் வெடித்துவிடும், அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா முட்டை உரித்துக்கொண்டே, "மரம் மூச்சு விடட்டும்டி, நீ முதல்ல சாப்பிடு" என்றாள்.

சில்லு மரத்தூள் கையோடு சோற்றைப் பிசையப் போனாள். அம்மா கையில் ஒரு தட்டுத் தட்டினாள். எழுந்து கழுவிவிட்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"தேசப்படத்துல ஊரு கண்டுபிடிக்க ஓரத்துல எழுத்து, மேல நம்பர்னு போட்டிருப்பாங்களே. அதை எப்படிப் போடுறது?"

"எதுக்கு?"

"பலகைக்குப் பின்னால போடணும். எது எங்கன்னு."

"இதுகூடத் தெரியாதா?"

"தெரிஞ்சா உன்னைக் கேப்பேனா?"

பெரியவள் தண்ணீர் தொட்டுத் தரையில் கட்டம் போட்டாள். மேல் வரிசைக்கு 'அ', அடுத்ததுக்கு 'ஆ', கடைசி வரிசை 'ஊ'. குறுக்கே ஒன்றிலிருந்து ஏழு. சில்லு வாயில் சோற்றோடு தலையாட்டினாள்.

"அப்ப 'அ ஏழு'ன்னா மேல, வலது மூலை."

"ஆமா."

"ரொம்ப சுலபமா இருக்கே. இதுக்கா மூணு வருஷம் காலேஜு?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா வழக்கம்போல் மீசைக்குள். பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, சும்மா சொன்னேன்! அன்னிக்கு நீயும் வரணும், மாட்டுறதுக்கு. ஒரு ஆள் குறையுது."

"எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?" என்று அப்பாதான் கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் அவளைச் சுட்டது.

சுவரில் மாட்டும் நாள் வந்தது. மறுநாள் திறப்பு விழா. மாட்டும் அன்றே மாலை நாலு மணிக்கு நூலகக் குழு பார்வையிட வருகிறது. அதற்குள் சுவர் முடிந்திருக்க வேண்டும். குழுவில் இரண்டு பேருக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. "தச்சுவேலை செய்ற பொண்ணுக்குச் சுவரைக் கொடுக்கிறதா?" என்று கேட்டு, இயற்கைக் காட்சி அச்சடித்த பெரிய பலகை ஒன்றைக் கடையிலிருந்து வரவழைத்துத் தயாராகச் சாத்தி வைத்திருந்தார்கள். நாலு மணிக்குச் சுவர் காலியாக இருந்தால் அது ஏறிவிடும்.

காலையில், சுவரில் கட்டைகளை அடிக்க அப்பாவும் சில்லுவும் கிளம்பினார்கள். கிளம்பும் முன் சில்லு ஒரு அழைப்பிதழை எடுத்து வந்து அக்கா கையில் கொடுத்தாள்.

"இதுல என் பேருக்குக் கீழ என்னமோ போட்டிருக்காங்கக்கா. ‘மர வடிவமைப்புக் கலைஞர்’. அப்படின்னா?"

கெட்டிக் காகிதம். எழுத்து மேலே எழும்பி அச்சாகியிருந்தது. பெரியவள் தன் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்துப் பட்டத்தைச் சேர்த்து நூறு விண்ணப்பம் எழுதியிருப்பாள். ஒன்றுகூட இப்படி எழும்பி நின்றதில்லை.

"தச்சர்னு அர்த்தம்" என்றாள். "கொஞ்சம் பவுடர் பூசி எழுதியிருக்காங்க."

சில்லுவின் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு சிரித்தது. "நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவர்கள் போனார்கள். அம்மா கடைக்குப் போனாள். மழை விட்டிருந்தது, கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. பட்டறையில் பழைய போர்வை மேல் நாற்பத்திரண்டு பலகைகளும் முகம் கவிழ்ந்து, முதுகு காட்டிக்கொண்டு அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு முதுகிலும் பென்சிலில் ஒரு எழுத்து, ஒரு எண். சில்லுவின் கோணல் கையெழுத்து. 'இ'யின் சுழியைத் தப்பான பக்கம் போட்டிருந்தாள். பாதிப் பலகைகளில் எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.

பெரியவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இது நான் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தாள். இந்த எழுத்து என்னுடையது. கட்டம் என்னுடையது. நாளைக்கு எல்லோரும் சுவரைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், முதுகில் இருப்பதை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

ஜன்னலோரத்தில் மரம் தேய்க்கும் உப்புத்தாள் கிடந்தது.

முதல் பலகையைத் தேய்க்கும்போது, ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். பாலிஷ் போடாத மரத்தில் பென்சில் எழுத்து நாலு தேய்ப்பில் போய்விட்டது, அவ்வளவு லேசாக. பத்தாவதில் மூச்சு வாங்கியது. இருபதாவதில் அழுதாள். ஆனால் கை நிற்கவில்லை; ஒன்றையும் விடக்கூடாது என்ற பரீட்சைப் புத்தி வேறு. வட்டம் போட்டது, போடாதது, எல்லாம் தேய்த்தாள். பிறகு அடுக்குகளைக் கலைத்து, இங்கிருந்து அங்கே மாற்றி வைத்தாள். கையைக் கழுவினாள். தலை வாரிக்கொண்டாள். பலகைகளை ஏற்ற வண்டி வந்தபோது, கடையிலிருந்து திரும்பியிருந்த அம்மா, "நீயும் போடி, அவ அத்தனை தடவ கேட்டாளே" என்று தள்ளினாள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று ஏறிக்கொண்டாள்.

நூலகத்தின் முன்கூடத்தில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. சுவரில் கட்டைகள் வரிசையாக அடித்திருந்தன. மூலையில் கடைப் பலகை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாய்ந்து நின்றது. நூலக அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பதினொண்ணு. நாலு மணி, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவையும் பெரியவளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

சில்லு முதல் பலகையைத் திருப்பினாள். பார்த்தாள். இரண்டாவதைத் திருப்பினாள். மூன்றாவது. எழுத்து இருந்த இடங்கள் புதிதாக வெளுத்திருந்தன. அவள் பலகையை விட்டுவிட்டு மெதுவாக அக்காவின் கையைப் பார்த்தாள். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் மரத்தூள் நிற்கும் என்பது அந்த வீட்டில் பிறந்தவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரியவள் விரல்களை உள்ளே மடக்கினாள்.

"என்னம்மா?" என்றார் அப்பா. கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது.

"ஒண்ணுமில்லப்பா. கீழ் வரிசைலேருந்து ஆரம்பிப்போம்."

அடுக்கைப் பார்க்கவில்லை அவள். எல்லாப் பலகையையும் தரையில் பரப்பச் சொன்னாள், முகம் மேலே. நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கினாள். கனம் பார்த்தாள். விளிம்பில் கறுப்புக் கோடு வந்து முடியும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இது" என்றாள். மாட்டினாள். அடுத்தது எடுத்தாள், தடவினாள், கீழே வைத்தாள், வேறு ஒன்று. "இது." முதல் பலகையில் முடிந்த கோடு அடுத்ததில் அப்படியே தொடர்ந்து ஓடியது.

எழுதியது போனால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தது பெரியவள்தான். மரத்தைப் பதினொரு வருஷமாகக் கையால் படித்தவளுக்கு முதுகில் எண் எதற்கு?

ஊ வரிசை முடிந்தது. உ. ஈ. மணி இரண்டேகால். அதற்கு மேல் ஏணி வேண்டும். சில்லு ஏறினாள். தேர்ந்தெடுக்கவும் அவளே, மாட்டவும் அவளே. ஒவ்வொரு பலகைக்கும் இறங்க வேண்டும், தரையில் தடவித் தேட வேண்டும், தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அப்பா ஏற முடியாது, இடுப்பு. ஐந்து பலகைக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆறாவதில் குதிகாலைத் தூக்கி எட்டியபோது ஏணி ஆடியது. பலகை சுவரில் உரசி, சில்லு அதை மார்போடு அணைத்துப் பிடித்து நின்றாள்.

"இறங்கு, இறங்கு!" என்றார் அப்பா. "ஏணி குட்டை. பெரிய ஏணி பக்கத்துல வேலை செய்றவங்ககிட்ட இருக்கும். கேட்டு வாங்கிட்டு வரேன்." அவர் போனார்.

சில்லு கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். இன்னும் பதினாறு பலகைகள் தரையில் கிடந்தன. மணி மூன்றை நெருங்கியது.

பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு நம்பரே வேணாம்னா எதுக்குடி போட்டே? அந்த வட்டம் வேற எதுக்கு?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. வட்டம் போட்டது சில்லுவுக்குத் தெரியும், அழித்தவளுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

சில்லு பாட்டிலை மூடினாள். "நீ கேக்கட்டும்னுதான் உக்காந்திருந்தேன்."

"சில்லு..."

"வட்டம் போட்டதெல்லாம் நீ மாட்ட வேண்டியது. மேல் மூணு வரிசை. நீதானே உசரம்? நான் கீழ, நீ மேல, ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டினா ஒரு மணி நேர வேலை. எனக்கு எது எங்கன்னு தெரியும். உனக்குத் தெரியாதுல்ல? என்னைக் கேட்டுக் கேட்டு மாட்டினா உனக்குக் கோவம் வரும். அதான் நீயே படிச்சுப் படிச்சு மாட்டுற மாதிரி எழுதி வெச்சேன்."

பெரியவள் சுவரைப் பார்த்தாள். பார்க்க வேறு இடம் இல்லை.

"அப்பாகிட்ட சொல்லு" என்றாள். "அம்மாகிட்ட சொல்லு. என்னை என்ன வேணா பண்ணு."

"சொல்றதுக்கு இப்ப நேரமில்ல. ஏணில ஏறு."

"நானா?"

"வேற யாரு, கடைப் பலகையா? ஏறுடி!"

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கை அவளை 'டி' போட்டாள்.

அவள் ஏறினாள். ஏணியின் கடைசிப் படிக்கு ஒரு படி கீழே நின்றாலே மேல் கட்டை கைக்கு எட்டியது. சில்லு கீழிருந்து பலகையை ஏந்திக் கொடுத்தாள். "இது இ வரிசை, ஆறாவது. பள்ளத்தைக் கட்டை மேல வை. இறுக்காதே. விடு. தானா இறங்கும்." இறங்கியது. டப் என்று ஒரு சத்தம். பெட்டி மூடுகிற மாதிரி. "அடுத்தது, ஏழாவது." எண் இருந்திருந்தால் அவளே பார்த்து மாட்டியிருக்கலாம். இப்போது ஒவ்வொன்றுக்கும் தங்கையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தப்பாக வைத்தால் "அப்படி இல்ல, சாயுது பாரு" என்று அதட்டல் வந்தது. அவள் எடுத்துச் சரிசெய்தாள். தோள்பட்டை எரிந்தது. மரத்தூள் கண்ணில் விழுந்தது. பதினொரு வருஷம் இப்படித்தானா என்று ஒருமுறை நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க நேரமில்லை.

அப்பா பெரிய ஏணியோடு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். மேலே பெரியவள், கீழே சின்னவள். தலையைச் சாய்த்து மட்டம் பார்த்தார். ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு மூவருக்கும் டீ வாங்கப் போனார்.

மணி மூன்றே முக்கால். ஒரே ஒரு பலகைதான் மிச்சம். அ ஏழு. மேல் வரிசை, வலது மூலை. சில்லு அதை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கொடு. நாலாகப் போகுது."

"ஒண்ணு சொல்லிட்டுத் தரேன். வீட்டுல உன் போட்டோவுக்கு ஒரு சட்டம் பண்ணினேன்ல?"

"ம்."

"நாலு பட்டி அடிச்சுக் கண்ணாடி போட்டா போதும்னுதான் அப்பா சொன்னாரு. நான் இருபது நாள் பண்ணினேன். சும்மா தேவைக்குனு இல்லாம நான் செஞ்ச முதல் வேலை அதுதான். ஏன்னு நினைக்கிற?"

"பாசத்துல" என்றாள் பெரியவள்.

"மண்ணாங்கட்டி. அதைப் பார்க்கிறவங்க யாரும் உன்னைப் பார்க்கக் கூடாதுன்னு பண்ணினேன். இழைக்க இழைக்க அதையேதான் நினைச்சேன். சட்டத்தைத்தான் பார்க்கணும், சட்டத்தைத்தான் பார்க்கணும்னு." பலகையை மேலே நீட்டினாள். "இந்தா."

பெரியவள் வாங்கிக்கொண்டாள். பிறகு ஏணி குலுங்கும்படி மேலே ஒரு சிரிப்பு வந்தது; சிரிப்பா அழுகையா என்று கீழே இருந்தவளுக்குத் தெரியவில்லை.

"பார்த்து! விழுந்து தொலைக்காதே."

"அஞ்சு வருஷமாடி! வர்றவன் போறவன் எல்லாம், ‘படத்துல யாரு’ன்னு கேட்டான்!"

"தெரியும். உள்ள நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

பெரியவள் கடைசிப் பலகையைக் கட்டையில் வைத்தாள். இறங்கவில்லை.

"தலைகீழா வெச்சிருக்க" என்றது கீழிருந்து குரல்.

எடுத்துத் திருப்பி வைத்தாள். டப்.

வாசலில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. குழு வந்துவிட்டது. நூலக அம்மாளின் குரல், பிறகு யாரோ, "இது யாரு பண்ணினது?" என்றார்கள். அந்தக் கேள்வி வழக்கம்போல அவளைத் தாண்டித் தங்கையிடம் போனது. ஏணி மேல் நிற்பவளை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மூலையிலிருந்த கடைப் பலகையை ஒருவர் சத்தமில்லாமல் வெளியே தூக்கிக்கொண்டு போனார்.

பெரியவள் அ ஏழுக்கும் அதன் பக்கத்துப் பலகைக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். கறுப்புக் கோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டிய இடம் கைக்குத் தட்டுப்படவே இல்லை. அவளுக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. விரலை எடுக்காமல் இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.